கட்டுப்பல் நத்தை

வாளியின் மூடியைத் திறந்ததும் பக்கத்து அறையில் கணினி தட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து தன் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். கடல் நத்தைகளை நாள்கணக்கில் நன்னீரில் ஊறவிட்டால் அப்படித்தான் இருக்கும். சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று நுரைத்துக் கிடந்த தண்ணீருக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, வளைத்த கம்பியால் சுருளுக்குள்ளிருந்து சதையை உருவிப் போட்டாள் அவள். சில வழுக்கிக்கொண்டு முழுசாக வரும். சில பாதியில் அறுந்து, மிச்சம் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.  அவளுக்கு அதில் அருவருப்பு கிடையாது. செத்தது நாறுகிறது, இதில் ஒளிவுமறைவு என்ன இருக்கிறது என்பாள்.

அருங்காட்சியகத்தில் எல்லாருக்கும் அவள் ‘சங்கக்கா’. நத்தைக்கும் சங்குக்கும் வித்தியாசம் தெரியாத யாரோ வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பே பூண்டோடு அழிந்துபோன கடல் நத்தைகளை எந்தக் குடும்பம், எந்தப் பேரினம், எந்தச் சிற்றினம் என்று பிரித்து வைப்பது அவள் வேலை. உடம்பு எப்போதோ கரைந்து போயிருக்கும். ஓடு மட்டும்தான் சாட்சி. சுருள்கள் உப்பியிருக்கின்றனவா சப்பையா, மேலே வரிவரியாக ஓடுகிறதா, குறுக்கே விலா எலும்பு மாதிரி புடைத்திருக்கிறதா, சுருள்கள் சுற்றியேறும் நடுத்தூணில் மடிப்பு உண்டா, வாயின் வெளியுதடு தடித்ததா மெலிந்ததா என்று அவள் பார்க்கும் பார்வையில், பெண் பார்க்க வந்தவர்கள்கூடத் தோற்றுவிடுவார்கள். அழுகும் நத்தைகள் இந்தக் காலத்துச் சொந்தக்காரர்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அந்த வாளி.

அவள் பெயரிலேயே ஒரு பேரினம் இருந்தது. பெயருக்குப் பின்னால் ஒரு லத்தீன் வாலை ஒட்டி, போன வருடம் அச்சில் வந்தது. வைத்தவர் துறைத் தலைவர். செருப்பிலிருந்து சிரிப்பு வரைக்கும் எல்லாம் பளபளவென்று இருப்பதால் அவருக்குப் ‘பாலிஷ்’ என்று பெயர். அவருக்கும் அது தெரியும், பெருமைதான். கட்டுரையில் அவர் பெயர் முதலில், அவள் பெயர் இரண்டாவது. ஆனால் அளந்ததும் வரைந்ததும் எழுதியதும் அவள். பேரினத்துக்குப் பெயர் வைக்கும் கௌரவத்தை மட்டும் பாலிஷ் தன் கையில் வைத்துக்கொண்டார். அவள் பெயரைச் சூட்டியதும் அவளால் நம்பவே முடியவில்லை. வீட்டில் நாத்தனாருக்குச் சொன்னபோது, “நத்தைக்கா உன் பேரு வச்சிருக்காங்க? ஒரு நல்ல பூவுக்கு வச்சிருக்கக் கூடாதா?” என்று அவர் அலுத்துக்கொண்டார். கணவர் மட்டும் அன்று அவ்வளவு சந்தோஷப்பட்டார். அவர் பல் டாக்டர். இரண்டு தெரு தள்ளிச் சொந்தமாக ஒரு கிளினிக்.

அந்தப் பேரினம் நின்றதே பல்லில்தான். நூல் நூற்கும் கதிர் மாதிரி நடுவில் பருத்து இரண்டு முனையும் கூம்பிய ஓடு, நடுத்தூணில் மடிப்பு, அடியில் குட்டையான நீர்க்குழல். இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த ஒரு பழைய பேரினத்துக்கும் உண்டு. இதற்கு மட்டும் வெளியுதட்டின் உள்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னப் பற்கள் இருந்தன. அந்தக் கிளையில் வேறு எதற்கும் கிடையாது. அப்போது கிடைத்தவற்றில் உதடு முழுதாக இருந்தது ஒன்றே ஒன்று. அதைப் பாலிஷே சுத்தம் செய்து, பஞ்சு வைத்த டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் மூல மாதிரி. ஒரு பெயரைக் கேட்டு உலகத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் கடைசியில் வந்து பார்க்க வேண்டிய ஓடு. பல பற்கள் கொண்டது என்று பொருள்படும் சிற்றினப் பெயரையும் பாலிஷே வைத்தார்.

வாளி வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து ஒரு சாக்கு வந்து இறங்கியது. மூல மாதிரி கிடைத்த அதே பாறை அடுக்கு, புதிதாக வெட்டிய முகம். மேஸ்திரி மறக்காமல் அனுப்பியிருந்தார். மேசையில் கொட்டியதும் அவளுக்குக் கை பரபரத்தது. அவள் பெயரைத் தாங்கிய நத்தைதான்! அதே கதிர் உருவம், அதே வரி, அதே மடிப்பு. கை கொள்ளாத அளவுக்கு. மண்ணைத் தூரிகையால் தட்டிவிட்டு ஒன்றை விளக்கடியில் திருப்பினாள். உதடு உடையாமல் இருந்தது. உள்பக்கம் வழவழவென்று இருந்தது.

குட்டியாக இருக்கும், வளர்ந்தால்தான் பல் வரும் என்று நினைத்துக்கொண்டு பெரியதை எடுத்தாள். வழவழ. அதைவிடப் பெரியது. அதுவும் வழவழ. உதடு தடித்து, வளர்ச்சி நின்றுபோன கிழட்டு ஓடு ஒன்று இருந்தது; அதிலும் பல்லின் சுவடே இல்லை. மத்தியானம் வரைக்கும் ஒன்றையும் விடாமல் பார்த்தாள். டீ ஆறி மேலே ஆடை கட்டியது.

பிறகு பாதுகாப்பு அலமாரியைத் திறந்து மூல மாதிரியை எடுத்து வந்தாள். நுண்ணோக்கியில் வைத்தாள். எத்தனை தடவை பார்த்த பற்கள்! ஒவ்வொன்றும் அளவெடுத்தாற்போல, இடைவெளி பிசகாமல். அந்த ஒழுங்கைப் பற்றியே ஒரு பத்தி எழுதியிருந்தாள். ஓட்டில் வளர்ச்சிக் கோடுகள் மெல்லிய இழைகளாக ஓடி உதட்டு விளிம்பில் முடியும். பல்லுக்கு மேலேயும் அவை ஏறி இறங்க வேண்டும். ஏறவில்லை. பல்லின் காலடியில் பிசிறில்லாமல் நின்றுபோயின. இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். பார்க்கவில்லை, அவ்வளவுதான். தன் பெயர் எழுதிய பொருளை யாரும் குறை தேடிப் பார்ப்பதில்லை.

திரையை இழுத்துவிட்டு, ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுக்கும் புற ஊதா விளக்கைப் போட்டாள். ஓடு மங்கலாகப் பழுப்பாக இருந்தது. பற்கள் மட்டும் நீலவெள்ளையாகப் பளீரென்று எரிந்தன. இருட்டுக்குள் அந்த நத்தை அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

சாயம் ஏதாவது ஒட்டியிருக்கலாம் என்று மனசு இன்னும் ஒரு சாக்குத் தேடியது. ஸ்பிரிட் விளக்கில் ஊசியைக் காய்ச்சி, ஓரத்துப் பல் ஒன்றில் பட்டும்படாமல் வைத்தாள். கல் உருகாது. இது உருகியது. மெல்லிய புகை ஒன்று மூக்குக்கு வந்தது. காரமும் தித்திப்பும் கலந்த, தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் வாசனை.

அந்த வாசனையை அவள் பல வருடங்களாகத் துவைத்துக்கொண்டிருக்கிறாள். கணவரின் சட்டைக் கையில், கைக்குட்டையில், சில நாள் தலைமுடியில்கூட அது இருக்கும். கட்டுப்பல் செய்கிற பசை.

ஊரில் ஒரு பல் டாக்டரா இருக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு பாலிஷின் அறைக்குப் போனாள்.

பாலிஷ் ஆரஞ்சுப் பழம் தின்றுகொண்டிருந்தார். சுளையின் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக உரித்து மேசைக் கண்ணாடியின் மேல் வரிசையாக ஒட்டியிருந்தார். சுளையை வாயில் போட்டுச் சப்பி, சக்கையை விரலால் எடுத்துத் தட்டில் வைத்தார்.

“உட்காருங்க, உட்காருங்க. சாக்கு வந்துச்சாமே?”

“வந்துச்சு சார். எதுக்குமே பல் இல்ல.”

“வேற சிற்றினமா இருக்கும். நல்லதாப் போச்சு, இன்னொரு கட்டுரை.”

“இதுல இருக்கற பல்லு ஊசி வச்சா உருகுது சார்.”

சக்கையை எடுக்கப் போன விரல் ஒரு நொடி வாயிலேயே நின்றது. அவ்வளவுதான். அவர் பதறவில்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

“சுத்தம் பண்றப்போ உதடு என் கையில உடைஞ்சிடுச்சு. தூளாப் போச்சு. ஆனா பல் இருந்துச்சும்மா. என் கண்ணால பார்த்தேன்.”

“எத்தனை பல்லு?”

“அதெல்லாம் யாராவது எண்ணிட்டா இருப்பாங்க?”

“கட்டுரையில எண்ணிக்கை போட்டிருக்கோமே.”

“அது நீங்க எண்ணினது” என்றார் பாலிஷ். குரலில் பால் வடிந்தது. “இருந்ததைத் திருப்பி வச்சோம். ரிப்பேர்தான். சிலைக்கு மூக்கு ஒட்டுறதில்லையா? யாருக்கு என்ன நஷ்டம்? உங்க பேர் நிக்கணும்னு நான் ஆசைப்பட்டேன். உங்க வீட்டுக்காரரும் ஆசைப்பட்டாரு. தங்கமான கைம்மா அவருக்கு. உங்களுக்காகன்னு சொன்னதும் மறுபேச்சு பேசல.”

ஆரஞ்சுச் சாறு அவர் முகவாயில் வழிந்து காய்ந்திருந்தது. அவர் தன் தோளைத் தட்டிக்கொடுக்கக் கையை நீட்டுவதைப் பார்த்ததும் அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். அழுகிய நத்தை வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டவளுக்கு, அந்தப் பிசுபிசுத்த விரல்கள் மேலே படுவதைத் தாங்க முடியவில்லை. வெளியே வந்து, டப்பாவோடு நேரே கணவரின் கிளினிக்குக்கு நடந்தாள். 

கிளினிக்கில் கணவர் ஒரு கிழவரின் வாய்க்குள் குனிந்திருந்தார். அவளைக் கண்டதும் கண்ணால் சிரித்தார். அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். அலமாரி நெடுக மாவுக்கல்லில் வார்த்த வாய்கள், மேல்தாடை, கீழ்த்தாடை, ஈறு நிற மெழுகு. எத்தனையோ தடவை பார்த்த அறை. இன்று எல்லாமே அவளைப் பார்த்து இளிப்பது போலிருந்தது. கிழவர் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு டப்பாவைத் திறந்து கருவித் தட்டில் வைத்தாள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. “சொல்லிட்டாரா?”

“நானே கண்டுபிடிச்சேன்.”

“இங்க பாரு. பல் பிடுங்க வந்தவரு, இதே நாற்காலியில உட்கார்ந்து அழாத குறையாச் சொன்னாரு. ‘உதடு உடைஞ்சிடுச்சு, உங்க மிஸஸ் பேர் வைக்கப் போறேன், இது இல்லன்னா எல்லாம் போச்சு’ன்னாரு. உடைஞ்சதை ஒட்டுறதுதானே? எனக்கு அது என்னன்னு என்ன தெரியும்?”

“எத்தனை பல் வைக்கணும்னு கேட்டீங்களா?”

அவர் கையுறையைக் கழற்றினார். “கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“பார்க்க அழகா இருக்கற அளவுக்கு வைங்கன்னாரு.”

வெளியே வரவேற்பறையில் யாரோ இருமினார்கள். அவளுக்கு அந்த மாலைகள் ஞாபகத்துக்கு வந்தன. சாப்பாட்டு மேசையில் சோறு காய, அவள் அந்தப் பற்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவாள். இரையை உள்ளே இழுக்கும்போது பிடிமானத்துக்கா, நண்டின் கொடுக்கு நுழையாமல் இருக்கவா என்று தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்வாள். அவர் தட்டில் கோலம் போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் கேட்டார்: “இடைவெளியெல்லாம் ஒரே சீரா இருக்குல்ல?”

அவள் பூரித்துப்போய், “ஆமா, எவ்வளவு நேர்த்தி தெரியுமா!” என்றாள். அவர் முகத்தில் அப்போது ஒரு வெட்கம் கலந்த சிரிப்பு வந்தது. தன் மேல் உள்ள பிரியம் என்று நினைத்திருந்தாள். அது தொழில்காரனின் பெருமை.

“தெரியாமச் செஞ்சீங்க, சரி. நான் அதை வச்சுக் கதை கதையா அளந்தப்போ தெரிஞ்சுதே? அப்போ ஏன் வாயத் திறக்கல?”

“நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே.”

“என் சந்தோஷத்தப் பார்த்துச் சிரிச்சீங்களா?”

“சத்தியமா இல்ல. எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு.”

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. டப்பாவை மூடிக்கொண்டு நடந்தாள். தெருவில் பழக்கடை, பேருந்து, பள்ளிக்கூடம் விட்ட கூட்டம். எதிரே சிரித்துக்கொண்டு வந்த முகங்களிலெல்லாம் முதலில் பல்தான் கண்ணில் பட்டது.

அன்றிலிருந்து அவரோடு உட்கார்ந்து அவளால் சாப்பிட முடியவில்லை. அவர் மெல்லும் சத்தம் கேட்டாலே எழுந்து போய்விடுவாள். அவர் சட்டைகளைத் தொடுவதில்லை; வாளியில் தனியே கிடந்தன. நாத்தனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு காலையில் சமையலறை வாசலை மறித்துக்கொண்டார்.

“ஏம்மா, என்னைக்கோ செத்துப்போன நத்தைக்காக, உசுரோட இருக்கறவன்கிட்ட இத்தனை நாளா பேசாம இருப்பாங்களா?”

“நத்தைக்காக இல்லண்ணி.”

“பின்ன? அவன் என்ன வேற பொம்பளையா வச்சுக்கிட்டான்? பல்லுதானே வச்சான்!”

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பும் வந்தது. “என்னை ஊர் முன்னாடி கோமாளியாக்கிட்டு, பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டிருந்தாரு அண்ணி. அதைத்தான் என்னால முழுங்க முடியல” என்றாள். நாத்தனார் வழியை விட்டு விலகினார். வாளியில் கிடந்த சட்டைகளை அவரே எடுத்துக்கொண்டு போய்த் துவைத்தார்.

அவள் திருத்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தாள். பல் இல்லை என்றால் தனிப் பேரினமும் இல்லை. பழைய பேரினத்துக்குள் அது ஒரு சிற்றினம், அவ்வளவே. இதைச் சொல்லத் தன் பெயரைத் தன் கையாலேயே அடிக்க வேண்டும். அதையாவது செய்துவிடலாம். அறிவியல் பெயர்களுக்கான விதிதான் இன்னும் கொடுமையாக இருந்தது. முறைப்படி அச்சில் வந்த பெயரை அழிக்க முடியாது. அது செல்லாத பெயராக, பழைய பேரினத்தின் காலடியில், நூல்களில் என்றென்றைக்கும் கிடக்கும். சிற்றினப் பெயரின் கதை அதைவிட அசிங்கம். பொருந்தாத பெயர் என்பதற்காக மாற்றக் கூடாதாம். வழவழ வாய் நத்தைக்குக் கடைசிவரை பல பற்கள் கொண்டது என்றே பேர். படிக்கிற பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதன் வாய்க்குள் பல் தேடுவார்கள்.

விஷயம் தெரிந்ததும் பாலிஷ் அவள் அறைக்கே வந்தார். வாளியின் நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தாலும் சிரிப்பை விடவில்லை.

“நல்ல முடிவு. அறிவியல்னா தன்னைத் தானே திருத்திக்கணும். என் பேரையும் சேர்த்துப் போட்டுடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும்.”

 வைத்த பல்லுக்கும் இவருக்குப் பெயர் வேண்டும், பிடுங்குகிற பல்லுக்கும் பெயர் வேண்டும். “உங்க பேர் கண்டிப்பா வரும் சார்” என்றாள். “உதட்ட யார் உடைச்சா, யார் சொல்லிப் பல் வச்சாங்கன்னு எழுதற எடத்துல.”

“ஆதாரம்?”

“பல்லு இருக்கே.”

“அது நான் வச்ச பல்லுன்னு யார் சொன்னா? உங்க வீட்டுல செஞ்சது, உங்க கட்டுரை, உங்க பேர். மத்தவங்க என்ன நினைப்பாங்க? யோசிங்க” என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்று செருப்பின் மேலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு போனார்.

அவர் சொன்னது உண்மைதான். கணவர் வாயைத் திறந்தால்தான் ஆகும். திறந்தால் கிளினிக்கின் பெயர் கெடும். அவரிடம் போய்க் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. நாத்தனார்தான் தம்பியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. மறுநாள் கணவர் அருங்காட்சியகத்துக்கு வந்தார். இயக்குநர் அறையில் பாலிஷ் உட்கார்ந்திருக்கும்போதே, யார் கேட்டார், எந்தப் பசை, எப்படி வார்த்தார், என்ன சாயம் கலந்தார் என்று ஒன்று விடாமல் சொன்னார்.  “என் பேரையும் போட்டுக்கோங்க” என்றார். பாலிஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லை எடுக்கவும் கணவர்தான் வேண்டியிருந்தது. ஓட்டில் கீறல் விழாமல் பசையை மட்டும் செதுக்க அந்தக் கட்டடத்தில் கருவியும் இல்லை, கையும் இல்லை. கிளினிக் மூடியிருந்த ஒரு விடுமுறை நாளில் அவள் டப்பாவோடு போனாள். நாற்காலி விளக்கை இழுத்து இறக்கினார். அவள் ஓட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

“கொஞ்சம் இப்படித் திருப்பு.”

திருப்பினாள். ட்ரில் கீச்சென்றது. வெள்ளைத் தூள் அவள் விரல்களில் படிந்தது. அந்தக் காரத் தித்திப்பு எழுந்தது. கையை அசைக்காமல் நின்றாள். ஒரு பல், இன்னொரு பல். அவர் நெற்றியில் வியர்வை கோத்திருந்தது. முடித்துவிட்டு ஊதித் தூளைப் போக்கியபோது, மொட்டையாக உடைந்த விளிம்பு தெரிந்தது. அதற்குச் சற்று உள்ளே, உடையாத இடத்தில், பசைக்கு அடியில் அத்தனை நாள் மறைந்திருந்த உதட்டின் உள்பக்கம். வழவழவென்று, ஒரு புடைப்புகூட இல்லாமல். பாலிஷ் பார்த்ததாகச் சொன்ன பல் ஒருபோதும் இருந்ததில்லை.

“இல்லவே இல்லியா?” என்றார் கணவர், அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து.

“இல்ல.”

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் விரல்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

கட்டுரை வந்தது. கிளினிக்கில் கூட்டம் சிறிது காலம் குறைந்து, பிறகு வழக்கம்போல ஆனது. பல்வலிக்கு யார் நத்தையைப் பற்றி யோசிப்பார்கள்? பாலிஷை விசாரித்தார்கள். தண்டனையாக வேறு துறைக்கு மாற்றினார்கள். அங்கே கொஞ்ச நாளிலேயே, போலிப் புதைபடிவங்களை அடையாளம் காண்பது எப்படி என்று ஒரு கருத்தரங்கில் பேச அவரைக் கூப்பிட்டார்கள். பளபளவென்று பேசினாராம். ஊதா விளக்கு, சூடான ஊசி எல்லாம் விளக்கினாராம். கைதட்டல் அடங்க நேரமாயிற்று என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டதும் அவள் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

வீட்டில் மறுபடி ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். உப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்கிற அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறது. சட்டைகளை இப்போது அவரே துவைக்கிறார். நேற்று அவர் தட்டைப் பார்த்தபடியே, “குவாரியிலேர்ந்து புதுசா ஏதாவது வந்துச்சா?” என்று கேட்டார். வந்திருந்தது. ஒரு சாக்கு நிறைய, அவள் இதுவரை பார்த்திராத ஓடுகள். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, “வந்துச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டு, எழுந்து கை கழுவப் போனாள்.